செம்மையில் அடங்கிய இளஞ்சிவப்பு

மாட்டுங்காப் பூக்கடைகளில் செந்தாமரை என்று கேட்டு வாங்குகிறோம். கைக்கு வருவது இளஞ்சிவப்பு மலர். கோயிலுக்குக் கொண்டு செல்லும் செவ்வரளியும் பெரும்பாலும் அந்நிறமே. இதில் பிழை ஏதுமில்லை. செம்பொன், செம்மண், செவ்வானம் என அனைத்தையும் 'செம்மை' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கியவர் நம் முன்னோர். இளஞ்சிவப்புக்குத் தனிப்பெயர் வேண்டுமென அவர்கள் கருதவில்லை போலும். ஆங்கிலேயர் அந்நிறத்துக்கு வழங்கும் 'பிங்க்' என்பதும் டயாந்தஸ் வகைத் தோட்டப்பூ ஒன்றின் பெயரே. 17ஆம் நூற்றாண்டில்தான் அது நிறப்பெயராயிற்று. நம் பேச்சுவழக்கில் உள்ள 'ரோஸ்' நிறமும் பூவின் வழி வந்ததன்றோ?

பெயர் மட்டுமன்று, இன்று நம் சாளரங்களில் அந்நிறம் காட்டும் செடிகளும் பிந்தி வந்தவையே. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலர் இவற்றைக் கண்டிலர். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்குரியது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் மருந்து அதிலிருந்து எடுக்கப்படுவது. போகன்வில்லா பிரேசில் நாட்டுக் கொடி. 1767இல் பூகன்வீல் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவருடன் சென்ற தாவரவியலார் கொமேர்சோன், ரியோ டி ஜெனிரோவில் அதனைச் சேகரித்துத் தலைவரின் பெயரைச் சூட்டினார். நம்மவரோ காகிதப்பூ என்றனர். எனக்கு இப்பெயரே உகந்தது. வண்ணமாய்த் தோன்றுபவை இதழ்களல்ல, நிறம் மாறிய இலைகள். உண்மைப் பூ அவற்றின் நடுவே வெண்ணிறமாய்ச் சிறுத்திருக்கும்.

தாராவிக் கும்பார்வாடாவில், சௌராட்டிர வழிவந்த குயவர் வனையும் மண்தொட்டி ஒன்று இக்கொடிக்குப் போதும். மும்பை மழையில் அது இலையாகவே தழைக்கும். மழை ஓய்ந்து, வெயில் பட்டு, நீரும் குறைந்தால்தான் நிறம் காட்டும். கூடத்துச் சுவருக்கும் அதே நிறம் தீட்டுவோர் உளர். அவ்வீடுகளில் பூ தோற்றுவிடுகிறது! வெண்சுவரே அதற்கு அழகு.

செம்பூரிலிருந்து வடக்கே செல்வோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விக்ரோலி அருகே நெடுஞ்சாலையோரம் இளஞ்சிவப்பாய்ப் பூத்த மரவரிசையைக் காணலாம். தபெபுயா ரோசியா என்பது அதன் தாவரவியற் பெயர். எல் சால்வடார் நாட்டின் தேசிய மரமும் அதுவே. இந்தி பேசுவோர் சிலர் பசந்த் ராணி என்பர். தமிழ்ப்பெயர் யாதென வினவிய பேத்திக்கு, பேருந்தில் என்னருகே அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி, சற்றும் தயங்காது, "செம்பூ மரம்" என்றாள். சிறுமி அதனை ஒப்பவில்லை. காட்கோபர் வரும்வரை இருவரும் வழக்காடிக்கொண்டே வந்தனர்.