பல்புக்குள் ஒளிந்திருக்கும் கம்பி

விளக்கேற்றிய வீடு வீண் போகாது என்பார்கள் நம் பெரியவர்கள். சுவிட்சைத் தட்டினால் எரியும் மின்விளக்கு நம் வீட்டுக்கு வந்த வரலாற்றில் ஒரு சின்னக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது 1894ஆம் ஆண்டில். சிலாங்கூர் ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திய லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் சுரங்கத்துக்கு மின்னாக்கி இயந்திரம் வைத்தார்கள். பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமி பிள்ளைதான்! ஆனாலும் தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

சூடான சிம்னிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் 'படீர்' என்று வெடிக்கும். ஏன்? சூடு பட்டால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் பட்ட இடம் மட்டும் சட்டெனச் சுருங்க, மற்ற இடம் விரிந்தபடியே நிற்கும். அந்த இழுபறியைக் கண்ணாடி தாங்காது. இரும்பும் இப்படித்தான் விரியும். 1909இல் நம் ஜொகூர் வழியாக ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்தது. அந்தக் காலத்தில் தண்டவாளம் போடும்போது இணைப்புகளில் சிறு இடைவெளி விடுவார்கள். வெயிலில் இரும்பு நீள இடம் வேண்டுமல்லவா?

தண்டவாளத்துக்கு இடைவெளி விடலாம். பல்புக்கு விட முடியுமா? மின்சாரம் உள்ளே போகக் கண்ணாடியைத் துளைத்துக் கம்பி போக வேண்டும். காற்று நுழைந்தால் உள்ளிருக்கும் மெல்லிய இழை எரிந்துபோகும். ஆகவே கம்பியும் கண்ணாடியும் இம்மியும் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியவும் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள பொருளை 100 பாகை சூடேற்றினால், சாதாரணக் கண்ணாடி சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 1.2, செம்பு 1.7. பிளாட்டினமோ கண்ணாடியைப் போலவே 0.9! அதனால்தான் 1879இல் எடிசன் செய்த பல்பிலும், பின்பு வந்தவற்றிலும் கண்ணாடியில் பதித்த கம்பி பிளாட்டினமாக இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாட்டினத்தின் விலை தங்கத்தையே மிஞ்சியது. அந்தக் கம்பி வைத்த விளக்கு ஏழை வீட்டுக்கு எப்படி வரும்?

வழி காட்டியவர் சார்லஸ் குய்யோம். சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் நகரருகே அனைத்துலக எடை, அளவை நிலையத்தில் வேலை பார்த்தார். அளவுகோல் சூட்டில் நீண்டால் அளவே பிழையாகிவிடும் அல்லவா? அதற்காக இரும்போடு நிக்கலைப் பல அளவில் கலந்து சோதித்தார். 36 விழுக்காடு நிக்கல் கலந்தால் உலோகம் ஏறக்குறைய விரிவதே இல்லை என்று 1896இல் கண்டார். நிக்கலைச் சுமார் 46 விழுக்காடாகக் கூட்டினால் கண்ணாடியைப் போலவே விரியும். அதற்குப் 'பிளாட்டினைட்' என்று பெயர். 1920இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தக் கம்பி கண்ணாடியோடு நன்றாக ஒட்டவில்லை. 1910களில் அமெரிக்காவில் நிக்கல் இரும்புக் கம்பிக்கு மெல்லிய செம்பு உறை போட்டார்கள். உறை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. உள்கம்பி விரிவைக் கட்டுப்படுத்தியது. இதுதான் 'டூமெட்' கம்பி. பிளாட்டினம் தேவைப்படாமல் போயிற்று. பல்பும், பின்னர் குழல் விளக்கும் சாமானிய மக்களின் பொருளாயின.

மாணவர்களே, லயத்து வீட்டில் இரவுப் படிப்புக்கு உதவிய வெளிச்சத்தின் பின்னால், அளவுகோலைத் திருத்த முயன்ற ஒருவரின் பொறுமையான கணக்கு இருக்கிறது. யாருக்குப் பயன்படும் என்று அன்று அவருக்கே முழுதும் தெரிந்திருக்காது. கணக்குப் பாடம் கசக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். சிம்னி ஏன் வெடித்தது என்று கேட்கும் பிள்ளை அறிவியலின் வாசலில் நிற்கிறது.