டாமி டேலி: டப்ளினுக்கு நான்கு, கிளேருக்கு?

ஹர்லிங் என்றதும் ஹாக்கிக்குத் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்தின் இந்த ஆட்டத்தில் பந்து தலைக்கு மேலேயும் பறக்கும், மட்டையும் அதன் பின்னாலேயே வரும்! குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், அதாவது 3 புள்ளிகள். மேலே போனால் 1 புள்ளி. அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. பந்தோடு நிற்கும் கோல் கீப்பர் மீது எதிரணியினர் ஓடி வந்து மோதலாம், விதியே அதற்கு இடம் கொடுத்தது.

அந்த இடத்தில் நின்று பெயர் வாங்கியவர் டாமி டேலி. 1894-ல் கிளேர் மாவட்டத்து டுல்லாவில் பிறந்தவர். மருத்துவம் படிக்க டப்ளின் போனார். டப்ளின் சங்கத்தில் ஆடுபவர், சொந்த ஊர் எதுவானாலும், டப்ளின் மாவட்டத்துக்கே ஆட வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. 1917-ல் அவருடைய கொலீஜியன்ஸ் சங்கம் டப்ளின் பெயரில் ஆடி, டிப்பரரியை வீழ்த்தி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 1920-க்கானது. ஆனால் விடுதலைப் போர் குறுக்கிட்டதால் அந்த இறுதி ஆட்டமே 1922 மே மாதம்தான் நடந்தது! பிறகு 1924, 1927. இந்தக் கடைசி ஆட்டத்தில் கார்க் போன்ற பெரிய அணியால் டேலியைத் தாண்டி ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது.

நான்கு பதக்கங்கள். நான்கும் டப்ளின் கணக்கில் வரவு. கிளேரோ 1914-க்குப் பிறகு பட்டம் பார்க்கவில்லை.

விதி தளர்ந்த பின் டேலி சொந்த மாவட்டத்துக்கே திரும்பினார். 1932 அரையிறுதியில் கால்வே அணி மிகவும் முன்னே போய்விட்டது. டேலியைத் தாண்டி நான்கு கோல்கள் விழுந்தன. ஆனாலும் கிளேர் மறுபக்கம் ஒன்பது கோல் போட்டு 31-26 என்று ஜெயித்துவிட்டது. ஒரு கோல் கீப்பருக்கு இதைவிட விசித்திரமான வெற்றி இருக்குமா என்ன?

இறுதி ஆட்டத்தில் எதிரணி கில்கென்னி. டேலிக்கு நாற்பதை நெருங்கும் வயது. கில்கென்னி 12, கிளேர் 9. வித்தியாசம் சரியாக ஒரு கோல்.

1936-ல் டுவம்கிரேனி அருகே கார் விபத்தில் டேலி இறந்தார். கெர்ரி எழுத்தாளர் பிரையன் மக்மேஹன் அவருக்காக எழுதிய இரங்கல் பாடல் கிளேரில் பிரபலம். கிளேருக்கு அடுத்த பட்டம் 1995-ல்தான் கிடைத்தது.