விளையாட எங்க போச்சு இடம்?

இன்னைக்கு எபிசோட், நம்ம வேலூர், ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் விளையாடின விளையாட்டுகளைப் பத்தி. "மொபைல் வந்துச்சு, விளையாட்டு போச்சு"ன்னு சுலபமா சொல்லிடுறோம். எனக்கு அது பாதிக் காரணமாத்தான் படுது. இந்த விளையாட்டுகளுக்கு ஆள் மட்டும் போதாது, இடமும் வேணும்.

பல்லாங்குழியை எடுத்துக்கலாம். வரிசைக்கு 7 வீதம் 14 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டா மொத்தம் 70. ஒரு குழியில 4 சேர்ந்தா அது 'பசு', அந்தக் குழிக்காரர் எடுத்துக்கலாம். பாட்டியும் பேத்தியும் திண்ணையில உட்கார்ந்தே மனக்கணக்குப் பழகினாங்க. இதே குடும்பத்து ஆட்டத்தைப் பாலஸ்தீனம், சிரியா பக்கம் 'மன்கலா'ங்கிறாங்க. அரபியில 'நகர்த்துதல்'ங்கிற சொல்லிலிருந்து வந்த பேர்.

அடுத்து ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. தனியா மாட்டுற ஆடு வெட்டுப்படும். எல்லா ஆடும் சேர்ந்து புலியை நகர விடாம அடைச்சா ஆட்டுப் பக்கம் ஜெயிக்கும். தமிழ்நாட்டுல பல கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டம் கல்லிலேயே செதுக்கியிருக்கு. ஆனா அந்த மண்டபம் எல்லாருக்கும் திறந்திருக்கல. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் வந்ததே 1947லதான். தோல் வேலையைத் தீட்டுன்னு ஒதுக்கின சமூகத்துல, அந்த வேலை செஞ்ச வீட்டுப் பிள்ளைகள் எங்க விளையாடியிருப்பாங்க?

தெருவும் பாலாறும்தான் மிச்சம். வருஷத்துல பெரும்பாலும் வறண்டு கிடக்கிற ஆறு, அகலமான மணல். கிட்டிப்புல்லுக்கு அதைவிட நல்ல மைதானம் கிடையாது. உருது பேசுற வீடுகளில் அதுக்குப் பேர் 'கில்லி டண்டா', தமிழ் வீடுகளிலும் 'கில்லி'ன்னு சொல்றதுண்டு. மொழி ரெண்டானாலும் விளையாட ஒரே சொல் போதுமா இருந்தது.

அந்த ஆத்துலதான் தோல் பதனிடும் கழிவு கலந்துச்சு, மணலும் லாரி லாரியா போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: மாசு செய்தவரே செலவை ஏற்கணும். கெட்டுப்போன கிணறு, நிலம் எல்லாத்துக்கும் ஒரு கணக்குப் போடலாம். பிள்ளைகள் இழந்த மைதானத்தை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

பல்லாங்குழி ஆப் ஒண்ணை நானே ஒரு வார இறுதியில எழுதிடுவேன். அதுல பாட்டியும் இருக்க மாட்டாங்க, திண்ணையும் இருக்காது. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுச் சொல்லுங்க: என்ன விளையாடினாங்க, எங்க விளையாடினாங்க, அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு? அடுத்த எபிசோட்ல அதை வாசிக்கிறேன்.