டாப் காட்டும் மூன்று எண்கள்

லினக்ஸில் டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியுவும் மெமரியும் பிடித்திருக்கிறது என்று காட்டும். ரைஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த வில்லியம் லெஃபெவ்ர் 1984-ல் இந்தப் பெயரில் யுனிக்ஸுக்கு ஒரு நிரல் எழுதினார். லினக்ஸில் இருப்பது தனியாக எழுதப்பட்டது, பெயரும் வேலையும் ஒன்றுதான்.

அதன் முதல் வரியிலேயே 'லோட் ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் இருக்கும். தோராயமாகச் சொன்னால் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. 4 கோர் உள்ள சர்வரில் இது 20 என்று இருந்தால் சிபியு போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் சில நேரம் அதே திரையில் சிபியு பெரும்பாலும் சும்மா இருப்பதாகவும் காட்டும். எது பொய்? இரண்டுமே இல்லை.

இந்த அளவு லினக்ஸைவிட மூத்தது. பிடிபி-10 கணினிகளில் ஓடிய டெனெக்ஸ் இயங்குதளத்தில் இது இருந்தது. 1973 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 546 இதை விளக்குகிறது. சிபியுவில் ஓடுகிற ப்ராசஸ், அதற்காக வரிசையில் நிற்பவை, இவை மட்டும்தான் கணக்கு. டிக்கெட் கவுன்டர் வரிசையில் நிற்பவர்களை எண்ணுவது மாதிரி. ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனவரை எண்ணுவதில்லை. அதாவது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ் கணக்கில் வராது.

லினக்ஸும் முதலில் இப்படித்தான் எண்ணியது. 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு திருத்தம் அனுப்பினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வேகமான ஸ்வாப் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் கணினி திணறுகிறது. ஆனால் எல்லா ப்ராசஸும் டிஸ்க்குக்குக் காத்திருப்பதால் லோட் குறைகிறது. இது என்ன கணக்கு? அதனால் இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்பவற்றையும், அதாவது டாப் திரையில் 'டி' என்ற எழுத்தோடு வருபவற்றையும், சேர்த்து எண்ண வைத்தார். ஜெராக்ஸ் எடுக்கப் போனவரும் வரிசையில் சேர்ந்துவிட்டார்!

மாற்றம் நிலைத்தது, காரணம் மறந்துபோனது. 2017-ல் பிரெண்டன் கிரெக் பழைய மடல்களைத் தோண்டி அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடித்து எழுதினார். இதற்குள் கெர்னல் பெரிதாகி, சில பூட்டுகளுக்காகக் காத்திருப்பவையும் அதே உறக்கத்தில் சேர்ந்திருந்தன. எனவே லோட் ஏறினால் ஏதோ நெரிசல் என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 இதற்கு வழி செய்தது. சிபியு, மெமரி, உள்ளீடு-வெளியீடு என ஒவ்வொன்றுக்காகவும் ப்ராசஸ்கள் எத்தனை சதவீத நேரம் காத்துக் கிடந்தன என்பதை இந்தப் பதிப்பு தனித்தனியாகச் சொல்லியது.

லோட் 20 என்றதும் புது சிபியு வாங்கக் கிளம்ப வேண்டாம். வரிசையில் நிற்பது யார், எதற்காக நிற்கிறார் என்று முதலில் பார்ப்பது நல்லது. தவறு டிஸ்க்கில் இருந்தால் எத்தனை கோர் சேர்த்தாலும் அந்த எண் இறங்காது.