கடலடியிற் கிடைத்த விண்மீன் சான்று

மன்னர் வரலாற்றை உணர்த்தக் கல்வெட்டும் ஏடும் உள. எழுத்துத் தோன்றுமுன் விண்ணில் நிகழ்ந்தவற்றுக்குச் சான்று யாது? ஆழ்கடலடியிற் கிடந்த கரும்பாறையே அச்சான்றாயிற்று.

கடலடிப் பாறைகளின்மேல் இரும்பும் மங்கனீசும் படிந்து ஓடாக உறைகின்றன. பத்து இலட்சம் ஆண்டுகளில் அவ்வோடு வளர்வது சில மில்லிமீற்றர் மட்டுமே. ஆதலின் அதன் ஒவ்வொரு படையும் ஒரு காலத்தின் பதிவாகும்.

பெருவிண்மீன்கள் வெடிக்கும்போது இரும்பு-60 என்னும் கதிர்த்தொழிற்பாட்டு இரும்பு வெளியிற் சிதறுகின்றது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுகள். பூமியின் வயதோ ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது அதிலிருந்த இரும்பு-60 என்றோ அழிந்துவிட்டது. எனவே, கடலடியில் அது காணப்படின் பிற்காலத்தில் விண்ணிலிருந்து வந்ததேயாதல் வேண்டும்.

இத்தகைய தடயங்களைப் பூமியிலே தேடலாமென 1996இல் எல்லிஸ், பீல்ட்ஸ், சிராம் ஆகிய அறிஞர் எடுத்துரைத்தனர். 1999இல் யேர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர் பசிபிக் சமுத்திரப் பாறையோடொன்றில் இரும்பு-60ஐக் கண்டனர். 2004இல் மற்றொரு பாறையோட்டில், இருபது முதல் முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படையில், அது தெளிவாகப் புலப்பட்டது.

எனினும், ஒரு சமுத்திரத்தின் சாட்சியம் போதுமா? அரைவாழ்வுக்காலம் 15 இலட்சம் ஆண்டுகளென முன்னர் கொண்ட கணக்கும் 2009இல் திருத்தப்பட்டது. ஆயினும் சான்று வீழவில்லை. 2016இல் வெளிவந்த ஆய்வில் பசிபிக், அத்திலாந்திக், இந்து சமுத்திரங்கள் மூன்றின் படிவுகளும் ஒருமித்துச் சாட்சி கூறின. 65 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வேறொரு வரவும் அவ்வாய்விற் புலனாயிற்று.

அளவுகோல் பிழைத்தவிடத்துத் திருத்துவதும், ஒரு சான்றைப் பல சான்றுகளோடு ஒப்புநோக்குவதுமே வரலாற்று நெறி. மன்னர் வரலாற்றுக்கும் விண்மீன் வரலாற்றுக்கும் அந்நெறி ஒன்றேயாம்.