பக்கத்து வீட்டுப் பலா உங்க வேலிக்குள்ள தொங்குதா? அருவாளை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மே மாசக் கடைசி. நீங்கள் கோவையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறீர்கள். ஸ்ரீமதுரையில் இருந்து அம்மா போன் பண்ணுகிறார். "பக்கத்துத் தோட்டத்துப் பலா நம்ம வேலிக்கு மேல வந்துருச்சு. பழம் நம்ம வாசல்லதான் விழுது. நேத்து ராத்திரி ஆனை வந்து நின்னுச்சு. போய்ச் சொன்னா, 'எங்க தாத்தா வெச்ச மரம், கை வைக்கக் கூடாது'ங்கறாங்க."

சமவெளியில் வேலி ஓரச் செடிச் சண்டை என்றால் பெரும்பாலும் இலை குப்பையைக் கூட்டுவது யார் என்பதுதான். கூடலூர் பக்கம் அப்படி இல்லை. முதுமலைக் காட்டை ஒட்டிய ஊர் ஸ்ரீமதுரை. இங்கே வேலியில் பழுக்கும் ஒரு பழம் யானையைக் கூப்பிடும். அடர்ந்து போன ஒரு புதர் காட்டுப்பன்றிக்கு வீடாகும். ஜூன் மழையில் முறியும் ஒரு கிளை கூரையையே உடைக்கும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது, எதைப் பேசித் தீர்க்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கிளையும் பழமும் யாருக்கு?

மரம் எந்த நிலத்தில் முளைத்து நிற்கிறதோ, அந்த நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். ஆனால் கிளை எல்லையைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிட்டால், வந்த அளவுக்கு மட்டும் நீங்கள் வெட்டலாம். 1894-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 'லெம்மன் எதிர் வெப்' வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பக்கத்து நிலத்துக்குள் கால் வைக்காமல் வெட்ட முடியும் என்றால், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம்ம ஊர் நீதிமன்றங்களும் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. "இருபது வருஷமா இப்படித்தான் தொங்குது" என்று சொல்லி, கிளையைத் தொங்கவிடும் உரிமையை யாரும் சம்பாதித்துவிட முடியாது. வேருக்கும் இதே கதைதான்.

பழம்? இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கிளை உங்கள் பக்கம் தொங்கினாலும் பழம் மரத்துக்காரருக்கே. 1919-ல் 'மில்ஸ் எதிர் புரூக்கர்' வழக்கில், தன் பக்கம் தொங்கிய ஆப்பிள்களைப் பறித்து விற்றவர் தோற்றுப்போனார். வெட்டலாம், விற்கக் கூடாது. வெட்டிய கட்டையையும் காயையும் "இந்தாங்க" என்று கொடுத்துவிடுவதே பத்திரம்.

ஆனா இது நீலகிரி!

மேலே சொன்னதை மட்டும் நம்பி ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள். இங்கே 1955-ம் வருஷத்து தமிழ்நாடு மலைப் பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும், அதை வெட்டிச் சாய்க்க கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். சின்னக் கிளையைக் கழிப்பது வேறு. மரமே பட்டுப்போகிற மாதிரி பாதிக்கு மேல் வெட்டுவது வேறு. பெரிய கிளை என்றால் முதலில் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் கேட்டுவிடுங்கள். ஈட்டி, சந்தனம் என்றால் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கோபத்தில் சிலர் செய்கிற இன்னொரு வேலை உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரிப்பது, வேரில் ஆசிட் ஊற்றுவது. மரம் காய ஆரம்பித்ததும் யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதா 324-ம் பிரிவின்படி அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, பட்டுப்போன மரம் உங்கள் வீட்டு மேலேயே விழலாம்.

எல்லையே எதுன்னு தெரியலைன்னா?

கூடலூர் வட்டத்துக்கே உள்ள தலைவலி இது. இந்தப் பக்கம் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்து, 1974-ல் அமலுக்கு வந்தது. ஆனாலும் 'செக்‌ஷன் 17' நிலம் என்று சொல்லப்படும் இடங்களில் உரிமைப் பிரச்னை இன்னும் தீரவில்லை. பல குடும்பங்களுக்கு அனுபவம் இருக்கிறது, பட்டா இல்லை. அங்கே எல்லை என்பது வரைபடத்தில் இருக்கும் கோடு இல்லை. எப்போதோ ஊன்றிய சீமை அகத்திக் கம்போ, கல்யாண முருங்கையோதான். அதனால்தான் "செடியைக் கொஞ்சம் கழிச்சு விடுங்க" என்று சொன்னாலே, "எங்க இடத்தைப் பிடிக்கப் பாக்குறாங்க" என்று எதிரில் இருப்பவர் பதறுகிறார். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் பேசப் போனால் செடிச் சண்டை நிலச் சண்டையாகிவிடும்.

பட்டா இருந்தால் வேலை எளிது. புல வரைபடத்தை இணையத்திலேயே எடுத்து, சர்வேயரை வரவழைத்து அத்து காட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் இரண்டு வீட்டாரும் நிற்க வேண்டும். பட்டா இல்லாத இடம் என்றால், "எல்லையைப் பத்திப் பேசலை, கிளையை மட்டும் பேசுவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலாவை என்ன செய்யலாம்?

பழுத்த பலா வாசனை யானைக்கு எட்டத் தூரமே இல்லை. வீட்டை ஒட்டிய மரங்களில் பழுக்கும் முன்பே காயை இறக்கிவிடச் சொல்லி வனத்துறை இந்தப் பக்கம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மரத்தையே வெட்ட வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் பிஞ்சாக இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். "சேட்டா, இந்த வருஷம் சக்க நல்லா காய்ச்சிருக்கே! வேலிப் பக்கம் இருக்கறதை இடிச்சக்கையாவே இறக்கிடலாமா? ஏத்துறதுக்கு ஆள் கூலி நாங்க தர்றோம், காய் நீங்களே எடுத்துக்கோங்க." இப்படி ஆரம்பித்தால் பெரும்பாலும் பாதிக் காய் உங்கள் வீட்டுக்கே வரும். விழுந்த பழத்தை வேலி ஓரத்தில் குவிக்காமல் உடனே குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்தவர் பக்கம் தூக்கி எறிவதெல்லாம் வேண்டாம், யானைக்கு உங்கள் சர்வே நம்பர் தெரியாது.

காபி, தேயிலை வைத்திருப்பவர்களுக்கு நிழல்தான் பிரச்னை. காபிக்கு நிழல் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் அதிகமானால் கறுப்பு அழுகல் வரும். தேயிலையில் ஈரமும் நிழலும் சேர்ந்தால் கொப்புள நோய். பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் உங்கள் தேயிலை மேல் இருட்டாக நின்றால் மகசூலில் தெரியும். எப்படியும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு எல்லோரும் நிழல் மரத்தைக் கழிப்பார்கள். அந்த வேலையை இரண்டு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே ஆட்களை வைத்துச் செய்துவிட்டால் கூலியும் மிச்சம், பேச்சும் மிச்சம். மின்கம்பியைத் தொடும் கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உண்ணிச்செடிக்கு இந்த மரியாதை எல்லாம் தேவையில்லை. ஆனால் மேலோடு வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காக வரும். மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கி வேர்க்கட்டையோடு வெட்டி, தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். விதையைப் பறவை பரப்பும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பலன் இல்லை.

பேச்சு எடுபடலைன்னா...

முதலில் போட்டோவும் தேதியும் எடுத்து வைத்து, மரத்துக்காரருக்கு வாட்ஸ்அப்பிலாவது மரியாதையாக எழுதுங்கள். "அண்ணா, மரம் எங்க கூரைப் பக்கம் சாஞ்சிருக்கு, மழைக்கு முன்னாடி பாத்துடுங்க." இது சண்டைக்கு இல்லை. நாளைக்கு மரம் விழுந்தால் "எனக்குத் தெரியாது, இயற்கைச் சீற்றம்" என்று அவர் சொல்ல முடியாது. ஆபத்து தெரிந்தும் விட்டவர் நஷ்டஈடு தர வேண்டி வரும்.

விழும் நிலையில் உள்ள மரத்துக்குத் தனி வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவின்படி, அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். கூடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போட்டோவோடு மனு கொடுங்கள்.

மற்ற சண்டைகளுக்கு நேரே சிவில் கேஸ் போடாமல், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசலாம். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே சமரசமாகி எழுதிய தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. அம்மா பெயரிலேயே மனு எழுதுங்கள்.