குக்கூவைக் கேட்டவர்கள்

1913ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6ஆம் திகதி இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் வாசகர் கடிதம் ஒன்று வெளியானது. எழுதியவர் றிச்சர்ட் லிடெக்கர். இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் வசித்தவர். 4ஆம் திகதி பிற்பகல் தமது வீட்டுத் தோட்டத்தில் நின்றபோது மெல்லிய குரல் ஒன்று காதில் விழுந்ததாகவும், கூட வேலை செய்துகொண்டிருந்த தோட்ட உதவியாளரிடம் "அது குக்கூ அல்லவா?" என்று தாம் வினவியதாகவும், அடுத்த கணமே இருவரும் அந்த ஈரசைக் குரலை இரண்டு மூன்று தடவைகள் தெளிவாகக் கேட்டதாகவும் அவர் எழுதியிருந்தார்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். குக்கூ நமது குயிலுக்கு உறவான பறவை. நமது குயில் காகத்தின் கூட்டை நாடுவதுபோல அதுவும் பிற பறவைகளின் கூட்டிலேயே முட்டையிடுகிறது. குளிர்காலத்தை ஆபிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரல் நடுப்பகுதியளவில் இங்கிலாந்துக்குத் திரும்பும். இருண்ட, ஈரலித்த பல மாதங்களின் பின்னர் அதன் குரலைக் கேட்பதே இளவேனில் வந்துவிட்டது என்பதற்கு அந்நாட்டவருக்கு அடையாளம். "முதற் குக்கூவை நான் கேட்டேன்" என்று பத்திரிகைக்கு எழுதுவது பிரித்தானியாவில் ஒரு மரபாகவே வளர்ந்தது. 1976இல் கெனத் கிரெகரி என்பவர் ரைம்ஸ் பத்திரிகையின் சுவையான வாசகர் கடிதங்களைத் தொகுத்தபோது அந்நூலுக்கு 'முதற் குக்கூ' என்றே பெயர் சூட்டினார். அத்தகைய பறவை பெப்ரவரி தொடக்கத்தில், இரண்டு மாதங்களுக்கும் மேலாக முந்திக்கொண்டு வந்துவிட்டது என்பதுதான் லிடெக்கரின் கடிதம் சொன்ன செய்தி.

வேறொருவர் எழுதியிருந்தால் ஆசிரியபீடம் சிரித்துவிட்டு ஒதுக்கியிருக்கக்கூடும். ஆனால் லிடெக்கர் சாதாரண ஆளல்லர். 1849இல் பிறந்த அவர் 1874 முதல் 1882 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புராதன விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்தவர். பின்னர் பிரித்தானிய அரும்பொருட்காட்சியகத்தின் புதைபடிவங்களுக்குப் பல தொகுதிகளில் விவரப்பட்டியல் எழுதியவர். நியூகினி, அவுஸ்திரேலியப் பக்கத்து விலங்குகளின் எல்லையைக் குறிக்கும் கோட்டை இன்றைக்கும் உயிரியலாளர்கள் லிடெக்கர் கோடு என்றே அழைக்கின்றனர். செய்தியின் மூலம் இவ்வளவு நம்பகமானதாக இருந்தால் எந்தப் பத்திரிகையாளனுக்குத்தான் ஐயம் எழும்?

ஒரு வாரத்தின் பின்னர், பெப்ரவரி 12ஆம் திகதி, அவருடைய இரண்டாவது கடிதம் வெளியானது. தாமும் வேறு பலரும் முற்றாக ஏமாந்துவிட்டதாக அவர் வருத்தத்துடன் தெரிவித்தார். அயலில் ஒரு வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்த மேசனின் உதவியாளர் ஒருவரே அந்தக் குரலை எழுப்பியவர். லிடெக்கர் அவரை நேரிற் சந்தித்து விசாரித்திருக்கிறார். எந்தக் கருவியின் துணையுமின்றித் தாம் எழுப்பும் குரலுக்கு வெகு தூரத்திலிருந்தும் குக்கூக்கள் வந்துவிடும் என்று அந்தத் தொழிலாளி சொன்னாராம்.

இந்தக் கதையை ஆங்கிலேயர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிச் சிரித்துவருகின்றனர். எனக்கு அதில் வேடிக்கையைவிட மரியாதையே அதிகம் தோன்றுகிறது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும், முதற் செய்தியைத் தரத் துடிப்பவர்கள் பலர், திருத்தத்தைத் தரத் தாமாக முன்வருபவர்கள் மிகச் சிலர். புகழ்பெற்ற ஓர் அறிஞர் தாம் கேட்டதைத் தாமே சந்தேகித்து, தேடிச் சென்று, ஒரு கூலித் தொழிலாளியிடம் விசாரித்து, அதே பத்திரிகையில், அதே பகுதியில், ஒரு வாரத்துக்குள் தமது பிழையை ஒப்புக்கொண்டார். பறவைகளின் வருகையைப் பதிவுசெய்து பகிர்ந்துகொள்ளும் மரபு முழுவதும் இந்த நேர்மையின் மேலேதான் நிற்கிறது. அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் மாவட்டத்தில் ஸ்ரற்றன் ஸ்ரோலஸ் என்ற கிராமம் உண்டு. அங்கு வாழ்ந்த நிலக்கிழார் றொபேர்ட் மார்ஷம் 1736ஆம் ஆண்டில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். முதலாவது தகைவிலான் குருவி தென்பட்ட நாள், முதற் குக்கூ கூவிய நாள், நைற்றிங்கேல் பாடிய நாள், காகங்கள் கூடுகட்டத் தொடங்கிய நாள், ஓக் மரம் துளிர்த்த நாள் என இளவேனிலின் அடையாளங்கள் இருபத்தேழை ஆண்டுதோறும் திகதியிட்டுக் குறித்துவந்தார். ஐம்பதாண்டுக் குறிப்புகளின் பின்னர் 1789இல் றோயல் சொசைற்றியின் ஆய்விதழில் அது வெளியாயிற்று. 1797இல் அவர் மறைந்தார். பதிவேடு மறையவில்லை. இடையில் சில ஆண்டுகள் விடுபட்டபோதிலும், அவருடைய சந்ததியினர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர்.

அதே காலத்தில் தெற்கே செல்போர்ண் கிராமத்தில் கில்பேர்ட் வைற் என்ற மதகுரு இன்னொரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாட்குறிப்பைக் கட்டமிட்ட படிவமாக அச்சிட்டு வழங்கியவர் அவருடைய நண்பரான நீதிபதி டெயின்ஸ் பரிங்டன். வெப்பநிலை, காற்று, மழை, பூத்த செடி, வந்த பறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். 1768 முதல் இறக்கும்வரை வைற் அதை நிரப்பினார். கிராமத்தை விட்டு அதிகம் வெளியே செல்லாத அவர், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சிறு குருவிகள் மூன்று வேறு இனங்கள் என்பதைப் பாட்டின் வேறுபாட்டைக்கொண்டே பிரித்தறிந்தவர்.

அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டிய கேள்வி ஒன்றுண்டு. தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? குளங்களின் அடிச்சேற்றில் அவை உறங்குகின்றன என்பது அன்றைய ஐரோப்பாவில் கற்றவர்களும் நம்பிய கருத்து. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ்கூட அதை ஏற்றிருந்தார். பரிங்டனுக்கோ பறவைகள் கடல் கடந்து வலசை போகின்றன என்பதிலேயே நம்பிக்கையில்லை. ஜிப்ரால்ற்றரில் மதகுருவாக இருந்த வைற்றின் சகோதரர் பறவைகள் நீரிணையைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதியும், சில தகைவிலான்களாவது இங்கேயே எங்காவது பதுங்கியிருக்கலாம் என்ற ஐயத்திலிருந்து வைற்றால் இறுதிவரை முற்றாக விடுபட முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக அவர் எழுதவுமில்லை.

வைற்றின் நூலைப் படித்த மார்ஷம் 1790இல் அவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது மார்ஷமுக்கு 82 வயது, வைற்றுக்கு 70. மூன்று ஆண்டுகள் இந்த இரு முதியவர்களும் மரங்களையும் பறவைகளையும் பற்றிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். மார்ஷமுக்கு வைற் எழுதிய கடைசிக் கடிதம் 1793 யூன் 15ஆம் திகதிக்குரியது. பதினொரு நாட்களின் பின்னர் அவர் காலமானார்.

அவருடைய கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 119 ஆண்டுகள் சென்றன. 1911 மே மாதத்தில் ஸ்ரபோட்சயரில் மேஸ்பீல்ட் என்ற சட்டத்தரணி ஒரு தகைவிலானின் காலில் இலக்கமிட்ட சிறு வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். 1912 டிசம்பர் 23ஆம் திகதி தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியில் அந்தப் பறவை அகப்பட்டது. பிரித்தானியத் தகைவிலான் ஒன்று ஆபிரிக்காவின் தென்கோடிவரை செல்கிறது என்பதற்குக் கையிலெடுத்துக் காட்டக்கூடிய சான்று அப்போதுதான் கிடைத்தது. லிடெக்கரின் குக்கூக் கடிதம் இது நடந்து ஆறு வாரங்களின் பின்னர் வெளியானது.

அத்திலாந்திக்குக்கு அப்பாலும் இதே ஆர்வம் தலைதூக்கியது. 1881ஆம் ஆண்டில் வெல்ஸ் குக் என்ற ஆசிரியர், ஐயோவா மாநிலத்துப் பறவை ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி, குளிர்காலத்தில் காணப்படும் பறவைகளின் பட்டியலையும் இளவேனிலில் ஒவ்வொன்றும் முதன்முதலாகத் தென்பட்ட நாளையும் கேட்டார். ஒரு மாநிலத்தில் தொடங்கிய வேலை மிசிசிப்பி நதிப் பள்ளத்தாக்கு முழுவதற்கும், பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. அமெரிக்க அரசின் திணைக்களமே அதைப் பொறுப்பேற்றது. உச்சக் காலத்தில் சுமார் 3,000 பேர் குறிப்புகள் அனுப்பினர். 1970இல் திட்டம் நிறுத்தப்பட்டபோது சேர்ந்திருந்த அட்டைகள் ஏறத்தாழ 60 இலட்சம். பெரும்பாலானவை கையால் எழுதப்பட்டவை. பல ஆண்டுகள் பெட்டிகளுக்குள் கிடந்த அவற்றை, 2009 முதல் தொண்டர்கள் இணையத்தின் மூலம் ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் ஏற்றத் தொடங்கினர்.

முதலிற் கண்ட நாள் என்ற குறிப்பில் ஒரு பலவீனம் இருக்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். பார்ப்பவர்கள் கூடக்கூட அந்த நாள் தானாகவே முந்தும். பத்துப் பேர் தேடும் ஊரைவிட நூறு பேர் தேடும் ஊரில் முதற் பறவை முன்னதாகவே கண்ணிற் படும். பறவை முந்தி வந்தது என்பது அதன் பொருளல்ல. வழிதவறி வந்த ஒற்றைப் பறவை கூட்டத்தின் வருகையாகாது. இதனாற்றான், கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடமும் ஓடுபொன் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் திட்டம், கண்ட பறவைகள் அனைத்தையும், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதையும் சேர்த்துப் பதியுமாறு கேட்கிறது. 2021இல் அதன் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. வழமைக்கு மாறான பதிவு வந்தால் அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் பதிந்தவரிடம் விளக்கம் கேட்பார். பெப்ரவரியில் குக்கூ என்றால் இன்றைக்கும் கேள்வி வரும். அன்று லிடெக்கர் தம்மிடம் தாமே கேட்ட கேள்விதான் அது.

இத்தனை குறிப்புகளாலும் என்ன பயன்? மார்ஷம் குடும்பத்தின் பதிவேட்டை 1990களில் ஆராய்ந்தவர்கள், வெப்பமான ஆண்டுகளில் இளவேனில் எவ்வளவு முந்துகிறது என்பதை இரு நூற்றாண்டுச் சான்றோடு காட்டினர். காலநிலை மாற்றம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் அவை. மரம் துளிர்ப்பது முந்தினால் புழுக்கள் பெருகுவதும் முந்தும். ஆபிரிக்காவிலிருந்து புறப்படும் பறவைக்கோ இங்கிலாந்தின் வெயில் தெரியாது. பகலின் நீளத்தை அனுசரித்துப் பழைய நாளிலேயே அது கிளம்பினால், குஞ்சுகளுக்கு ஊட்டவேண்டிய புழுக்கள் தீர்ந்த பின்னர்தான் வந்து சேரும். புழுக்கள் மிக முன்னதாகவே பெருகிவிடும் நெதர்லாந்துக் காடுகளில், வலசை வரும் ஈபிடிப்பான் இனமொன்று இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 90 வீதம் குறைந்துவிட்டதை 2006இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

குக்கூவும் குறைந்துவருகிறது. 2009இல் அது பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2011இல் ஐந்து குக்கூக்களின் முதுகில் செய்மதியோடு தொடர்புகொள்ளும் சிறு கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் பறக்கவிட்டனர். இத்தாலி வழியாகவும் ஸ்பெயின் வழியாகவும் சென்று அவை கொங்கோ நதியின் வனங்களில் குளிர்காலத்தைக் கழிப்பது தெரியவந்தது. அந்த ஐந்தும் பிடிக்கப்பட்டது, முதற் குக்கூவின் நாளை மார்ஷம் குறித்துவைத்த அதே நோர்போக் மாவட்டத்தில்.

அங்கே வருகையாக இருப்பது இங்கே பிரிவு. லிடெக்கர் எலும்பு தேடிய இமயமலை அடிவாரம் போன்ற இடங்களில் குஞ்சுபொரிக்கும் ஆறுமணிக்குருவி, ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வந்து நம் வீட்டு வளவுகளில் காலையும் மாலையும் நேரம் தவறாமற் குரல் கொடுக்கிறது. ஏப்ரலில் அந்தக் குரல் நின்றுவிடும். ஒருநாள் திடீரென்று, அது நின்று எத்தனை நாளாயிற்று என்று யோசிப்போம், நினைவுக்கு வராது. முதலிற் கேட்ட நாளுக்கு உள்ள மதிப்பு கடைசியாகக் கேட்ட நாளுக்கும் உண்டு. வந்த பறவையைப் பற்றி எழுதப் பலர் இருப்பர். போன பறவையின் நாளைக் குறிக்க, அது போய்விட்டதை யாராவது கவனித்திருக்கவேண்டும்.

இந்தப் பக்கத்தின் வாசகர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் பரந்து வாழ்கிறீர்கள். பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பேனா, ஒரு திகதி போதும். கண்டதை மட்டும் எழுதுங்கள். கண்டது பிழையென்று தெரியவந்தால், அதையும் அதே கொப்பியிலேயே எழுதிவையுங்கள்.